சரளையும் நெருஞ்சியும்: ஜவ்வாது அடிவாரத்துக்கு எந்த டயர்?

மலைச் சைக்கிளுக்கு எந்த டயர் நல்லது என்ற கேள்விக்கு அந்தச் சைக்கிளின் வயது. ஒடுக்கமான டயரில் காற்றைக் கல்லாக அடித்து ஓட்டச் சொன்னது ஒரு தலைமுறை. அகலமான டயரைப் போட்டுக் காற்றைக் குறைக்கச் சொல்கிறது அடுத்த தலைமுறை. பட்டன் உயரமாக இருந்தால்தான் மண்ணைப் பிடிக்கும் என்று ஒரு சாரார். பட்டன் குறையக் குறைய வேகம் கூடும் என்று இன்னொரு சாரார். எடை, நூல், ரப்பர், ட்யூப் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்சி உண்டு. ஏற்றமும் இறக்கமும் சமதளமும் மாறி மாறி வரும் மண் தடங்களில் நெடுந்தூரம் மிதிக்கும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் இந்த வழக்கு இன்னும் கூர்மையாகிறது. மலையிறக்கம் மட்டும் ஓட்டுபவர் பிடிமானத்தைக் கேட்டால் போதும். தார்ச்சாலையில் ஓட்டுபவர் வேகத்தைக் கேட்டால் போதும். கிராஸ் கன்ட்ரி ஓட்டுபவர் இரண்டையும் ஒரே ரப்பரிடம் கேட்கிறார்.

இதுவரை கிடைத்த விடைகளில் பெரும்பாலானவை கலிபோர்னியக் குன்றுகளிலும் ஆல்ப்ஸ் மலைப் பந்தயத் தடங்களிலும் ஆய்வகங்களின் எஃகு உருளைகள் மீதும் உருவானவை. ஆரணியிலிருந்து மேற்கே ஜவ்வாது மலை அடிவாரம் நோக்கி ஓட்டுபவருக்கு அவற்றில் எவை பொருந்தும், எவை பொருந்தா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

நிலம்

ஆரணி கமண்டல நாகநதிக் கரையிலுள்ள பட்டு நெசவு ஊர். சுற்றிலும் நெல்வயல், ஏரி, ஏரிக்கரை. மேற்கே கண்ணமங்கலம், சந்தவாசல் பக்கம் போகப் போகக் குன்றுகள் நெருங்கி வருகின்றன. சுமார் 25 கிலோமீட்டரில் படவேடு. அதையொட்டி மலையடியில் செண்பகத்தோப்பு அணை. அதற்கு அப்பால் ஜவ்வாது மலைத் தொடர். தென்மேற்கே போளூர் வழியாகப் போனால் ஜமுனாமரத்தூருக்கு மலைச்சாலை ஏறுகிறது.

இந்தப் பக்கம் ஒரு நாள் ஓட்டம் என்றால் முதல் ஒரு மணி நேரமாவது தார்ச்சாலை. பிறகு ஊராட்சி மண் சாலை, ஏரிக்கரை, அதன்பின் கெட்டிச் செம்மண் மேல் உதிரியாகக் கிடக்கும் சரளை, இடையிடையே பாறை, காய்ந்த ஓடையின் மணல். திரும்பி வரும்போது மறுபடியும் தார். ஐரோப்பியப் பந்தயக்காரர் தடத்துக்குச் சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்; இங்கே தடத்துக்குப் போவதே சைக்கிளில்தான். டயரின் வாழ்நாளில் பாதி தாரில் கழிகிறது என்ற ஒன்றே பல பரிந்துரைகளைத் தலைகீழாக்கிவிடுகிறது.

இன்னொரு வரம்பும் உண்டு. வனத்துறை அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் போக முடியாது. ஆகவே சட்டப்படி ஓட்டக்கூடிய தடங்கள் பெரும்பாலும் ஊர்களை இணைக்கும் மண் சாலைகளும் மாட்டுத் தடங்களும்தான். வேர் பின்னிய ஈரக்காட்டுத் தடங்களுக்கென்று எழுதப்பட்ட அறிவுரைகள் இங்கே அதிகம் உதவாது.

உதவுவது முள்ளைப் பற்றிய அறிவு. வேலிகாத்தான் என்று இவ்வட்டாரம் அழைக்கும் சீமைக்கருவேலம் ஏரிக்கரைகளை அடைத்து நிற்கிறது. விறகுக்கு வெட்டி ஏற்றிப்போகும் வழியெல்லாம் அதன் சிம்பு உதிர்கிறது. முள் விரல் கணு நீளம்கூட இருக்கும். நெருஞ்சி வேறு ரகம். அதன் காய் காய்ந்து சிறு துண்டுகளாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் முட்கள் அமைந்திருக்கும் கோணம் எப்படியென்றால், தரையில் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல் நோக்கியே நிற்கும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்களின் முதல் எதிரியாகப் பேசப்படும் களையும் இதே நெருஞ்சிதான். பழைய உலகத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. முள்ளை எதிர்கொள்ளும் உத்திகளைப் பொறுத்தவரை, ஆல்ப்ஸ் ஓட்டுநரைவிட அரிசோனா ஓட்டுநரின் அனுபவம் ஆரணிக்கு நெருக்கமானது.

வெயிலும் கணக்கில் வர வேண்டும். வேலூர், ஆரணி வட்டாரத்தில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிப்புறக் களிமண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும்.

அளவு: 26, 27.5, 29

முதல் மலைச் சைக்கிள்கள் 26 அங்குலச் சக்கரத்தில் ஓடியதற்கு எந்த ஆய்வும் காரணமில்லை. 1933இல் அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் தடித்த 'பலூன்' டயர் பூட்டிய சைக்கிளைக் கொண்டுவந்தது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்து இளைஞர்கள் அந்தப் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலையிறக்கத்தில் விட்டார்கள். 1976இல் ரீபேக் என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியது. கையில் கிடைத்த தடித்த டயர் அந்த அளவில் இருந்ததால் அந்த அளவே நிலைத்தது. 29 அங்குலத்துக்கான உண்மையான மலை டயர் 1999இல்தான் சந்தைக்கு வந்தது: டபிள்யூடிபி நிறுவனத்தின் நானோராப்டர்.

பெரிய சக்கரம் கல்லைச் சாய்வான கோணத்தில் சந்திக்கிறது, குழியில் குறைவாக இறங்குகிறது என்பது 29 கட்சியின் வாதம். கனம் கூடும், முடுக்கம் குறையும், குட்டையானவருக்கு ஃபிரேம் பொருந்தாது என்பது மறுப்பு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்த வழக்கு ஒரே பந்தயத்தில் விசாரணைக்கு வந்தது. செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29இல் தங்கம் வென்றார். சுவிட்சர்லாந்தின் நீனோ ஷுர்ட்டர் 27.5இல் நூலிழையில் இரண்டாம் இடம் பிடித்தார். 2016 ரியோவில் அதே ஷுர்ட்டர் தங்கம் வென்றபோது அவர் சைக்கிளிலும் 29தான். உலகத் தரப் பந்தயத்தில் வழக்கு அத்துடன் ஏறத்தாழ முடிந்தது.

நம் ஊர்ச் சைக்கிள்களில் முடியவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மலைச் சைக்கிள்களில் பெருந்தொகை 26 அங்குலம். அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் டயர் வாங்கும்போது ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். 26 × 1.95 என்று தசமத்தில் எழுதிய டயர் 559 மில்லிமீட்டர் ரிம்முக்கு. 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதியது 590க்கு. 26 × 1½ என்பதோ 584க்கு, இன்று 27.5 என்று விற்பதும் அதே 584தான். 29க்கு 622. அப்பா காலத்துக் கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ டயருக்கு 635. பெயரில் 28, ரிம்மோ 29இன் ரிம்மைவிடப் பெரிது. கடைக்காரர் சொல்லும் அங்குலத்தை நம்பாமல் டயர் பக்கவாட்டில் 54-559, 57-622 என்று அச்சிட்ட எண்ணைப் படிப்பதே வழி. முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம்.

ஒடுக்கமா, அகலமா

ஒடுக்கமே வேகம் என்ற கொள்கை சாலைப் பந்தயத்திலிருந்து வந்தது. மரப்பலகை ஓடுதளத்தில் 20 மில்லிமீட்டர் டயரில் உச்ச அழுத்தம் அடித்தவர் வேகமாகப் போனார்; அங்கே அது சரி. அதே நியாயத்தை மண்ணுக்குக் கொண்டுவந்ததில்தான் கோளாறு. 1990களின் கிராஸ் கன்ட்ரி பந்தயக்காரர்கள் 1.9, 2.0 அங்குல டயரில் 40 பிஎஸ்ஐக்கு மேல் அடித்து, கல்லுக்குக் கல் எகிறி ஓடினார்கள்.

இதற்கு ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனம் பரப்பிய மறுப்பு நன்கு அறியப்பட்டது. ஒரே அழுத்தத்தில், அகல டயரும் ஒடுங்கிய டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒன்றே. அகல டயரின் தொடுபரப்பு குட்டையாகவும் அகன்றும் இருப்பதால் டயர் குறைவாக மடங்குகிறது, ஆகவே உருளும்போது ஏற்படும் தடை குறைகிறது. வாதம் சரி, ஒப்பீடுதான் நியாயமானதல்ல. டயர் உறையில் ஏற்படும் இழுவிசை, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கினால் வருவது. 2.0 அங்குல டயரில் 30 பிஎஸ்ஐ தரும் விறைப்பை 2.4 அங்குல டயர் 25இலேயே தந்துவிடும். இரண்டிலும் 30 அடித்து ஒப்பிட்டால் அகல டயரை அதிக விறைப்பில் ஓட்டிப் பார்க்கிறோம் என்றுதான் பொருள். விறைப்பைச் சமமாக்கினால், வழவழப்பான உருளையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

அகல டயரின் உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. கரடான தரையில் சைக்கிளும் உடம்பும் குலுங்கும்போது சக்தி வீணாகிறது. குறைந்த அழுத்தத்தில் ஓடும் அகல டயர் அந்தக் குலுக்கலை விழுங்குகிறது. பைசைக்கிள் குவார்ட்டர்லி இதழின் ஆசிரியர் யான் ஹைன நெடுங்காலமாக இதை வலியுறுத்தி, எஃகு உருளையை விட்டு உண்மையான சாலையில் சோதனைகள் நடத்தினார். அவர் சோதித்தவை பெரும்பாலும் பட்டன் இல்லாத டயர்கள் என்பதும், அவற்றைத் தயாரித்து விற்கும் தொழிலிலும் அவர் இருக்கிறார் என்பதும் நினைவில் கொள்ள வேண்டியவை. எனினும் திசை சரி என்பதை உலகக் கோப்பைக் களமே காட்டிவிட்டது: அங்கே முன்னணி வீரர்கள் இப்போது 2.4 அங்குலத்தில் ஓடுகிறார்கள்.

ஆனால் அவர்களுடைய ரிம்மின் உள்ளகலம் 30 மில்லிமீட்டர். நம் கடைகளில் கிடைக்கும் எளிய மலைச் சைக்கிளில் அது 19, 20தான். ஒடுங்கிய ரிம்மில் 2.4ஐப் பூட்டிக் காற்றைக் குறைத்தால் திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் சாயும். அத்தகைய ரிம்முக்கு 2.1 போதும், 25 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளவர்கள் 2.25, 2.3 வரை போகலாம். டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே சுண்டுவிரல் நுனியாவது நுழைய வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசிக் களிமண் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிடும்.

காற்று

அகலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் அழுத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஃபிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்கப் பொறியாளர், சைக்கிள்காரரின் எடையில் டயரின் உயரம் 15 சதவீதம் அமுங்கினால் அதுவே சரியான அழுத்தம் என்று ஒரு விதி வகுத்தார். சாலை டயர்களுக்கு அது நல்ல தொடக்கம். கல் மோதும் தடத்துக்கு அது போதாது. அங்கே கீழ்வரம்பை முடிவுசெய்வது ரிம். காற்று குறைவாக இருந்து கல் மோதினால், ரிம்மின் இரு விளிம்பும் ட்யூபைக் கடித்துப் பக்கத்துக்கொன்றாக இரண்டு ஓட்டை போடும்.

65 கிலோ எடையுள்ளவர் 2.2 அங்குல டயரில் ட்யூபோடு 28 முதல் 32 பிஎஸ்ஐ, ட்யூப் இல்லாமல் 20 முதல் 24 என்று தொடங்கலாம்; பின்சக்கரத்துக்கு இரண்டு மூன்று கூட. எடைக்கேற்ப மேலே கீழே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். பெட்ரோல் பங்க் மீட்டர் இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்குக் கட்டப்பட்டதல்ல. வெயிலும் சேர்ந்துகொள்ளும்: 25 டிகிரி விடியற்காலையில் 24 பிஎஸ்ஐ அடித்த டயர், 45 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 26.5 காட்டும். புது டயருக்குச் சில ஆயிரம் செலவழிக்கும் முன் சில நூறு ரூபாய்க்கு ஒரு கையடக்க மீட்டர் வாங்குவது அதிகப் பலன் தரும் என்று துணிந்து சொல்லலாம்.

பட்டன்

கடையில் 'பட்டன் டயர்' கேட்பவர் எண்ணத்தில் இருப்பது உயரமான, இடைவெளிவிட்ட பட்டன். அது மென்மையான மண்ணில் புதைந்து பிடிக்கும், சேற்றை உதறும். இந்த அடிவாரத்தில் அப்படிப்பட்ட மண் மழை நாட்களில் மட்டுமே. மற்ற நாட்களில் செம்மண் சிமென்ட் போலக் கெட்டித்துக் கிடக்க, அதன்மேல் சரளை உருளும். பட்டன் உள்ளே இறங்க வழியில்லை. உயரமான பட்டன் இங்கே வளைந்து நெளியும். தாரில் சீக்கிரம் தேயும். நடுவில் தாழ்ந்த, நெருக்கமான பட்டனும் இரு ஓரங்களில் உறுதியான பட்டனும் கொண்ட டயரே இதற்குத் தோது. விட்டோரியாவின் மெஸ்கல், மேக்ஸிஸின் ஐகான், கான்டினென்டலின் ரேஸ் கிங் போன்றவை இந்த வகை.

முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு டயர் போடுவது, இந்தத் துறையில் மிகக் குறைவான எதிர்ப்பைச் சந்தித்த கொள்கை. பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துக்கொள்ளலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுவதுதான். ஆகவே முன்னால் பிடிமானம் மிக்கது, பின்னால் உருட்டல் மிக்கது. ஷ்வால்பே ரேசிங் ரே, ரேசிங் ரால்ஃப் என்று ஜோடியாகவே விற்கிறது. பணம் குறைவாக உள்ளவருக்கும் இதே தத்துவம் பயன்படும்: புது டயர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை முன்னால் போட்டு, முன்னால் இருந்த அரைத்தேய்மான டயரைப் பின்னுக்கு மாற்றலாம்.

ரப்பரின் மென்மையைப் பற்றி உற்பத்தியாளர்கள் சொல்வதை இங்கே அப்படியே ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. மென்ரப்பர் பாறையில் நன்றாகப் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குளிர்நாட்டுக்காகக் கலந்த மென்ரப்பர் நம் வெயில் தாரில் எவ்வளவு வேகமாகக் கரையும் என்று அவர்கள் அட்டையில் அச்சிடுவதில்லை.

நூல்

டயர் வாங்குபவர் கண்ணுக்குப் படுவது பட்டன். விரலுக்குப் படுவது எடை. டயரின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பதோ உள்ளே மறைந்திருக்கும் நூல். ஆரணி போன்ற ஊரில் இதை விளக்குவது எளிதாக இருக்க வேண்டும்.

1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார், அது எடுபடவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் மறுபடி கண்டுபிடித்தபோது, ரப்பர்க் குழாயைச் சுற்றிச் சாதாரண நெய்த கித்தான் துணியை வைத்தார். பாவும் ஊடையும் ஒன்றை ஒன்று மேலும் கீழுமாகத் தாண்டிச் செல்லும் துணி. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் டயர் தரையில் அமுங்கி நிமிர்கிறது. அப்போது தாண்டல்தோறும் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றோடொன்று உரசும். உரசலில் சக்தி வெப்பமாகப் போகிறது. கடைசியில் நூலே நூலை அறுக்கிறது. 1890களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஜான் பாமர் இதற்கு வழி கண்டார். நூல்களைப் பின்னாமல் இணையாக அடுக்கி ரப்பரில் தோய்த்தார். அதன்மேல் எதிர்ச்சாய்வில் இன்னொரு அடுக்கு. இன்றைய சைக்கிள் டயர் இந்த வழியில் வந்ததுதான்: பாவு உண்டு, ஊடை கிட்டத்தட்ட இல்லை, இரண்டு பாவுகள் ரப்பரில் ஒட்டிக் குறுக்கே கிடக்கின்றன.

அந்த நூல் எது என்பதில் பட்டுக்கு ஒரு பெருமையான அத்தியாயம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உயர்ந்த பந்தய டயர் என்றால் பட்டுநூல் உறைதான். கிளெமென்ட் நிறுவனத்தின் பட்டு டயர்கள் புகழ்பெற்றவை. 1972இல் மெக்ஸிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்ததும் பட்டு டயரில்தான். பட்டு அறுபடாத நீள இழை. மெல்லியதாக இருந்தும் வலுவுள்ளது. அதனால் உறை மெலிதாகி, எளிதில் மடங்கி நிமிர்ந்தது. ஈரம் பட்டால் மக்கும் என்பதும் விலையும் அதைத் தோற்கடித்தன. நைலான் அந்த இடத்தைப் பிடித்தது.

இன்று டயரின் தரத்தை அங்குலத்துக்கு எத்தனை நூல் என்ற டிபிஐ எண்ணால் சொல்வது வழக்கம். நூல் எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு நூலும் மெல்லியதாகும், இடையே ரப்பர் குறையும், உறை இளகும். ஆனால் இந்த எண் சொல்லும் கதையை அப்படியே நம்ப முடியாது. மேக்ஸிஸ் 60, 120 என்று ஓர் அடுக்கின் நூலை எண்ணுகிறது. கான்டினென்டல் 180 என்று அச்சிடுவது, பட்டனுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக விழும் மூன்று அடுக்கை 60 வீதம் கூட்டி. அடுக்கு முறையும் நூலின் பருமனும் தெரியாமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது, டெனியரும் முறுக்கும் கேட்காமல் சேலை விலையைப் பேசுவதற்குச் சமம்.

இளகிய உறைக்கு நேர் எதிரே நிற்கிறது நம் நாட்டு டயர் மரபு. இந்திய டயர்த் தொழில் பாரம் சுமக்கும் சைக்கிளுக்காக வளர்ந்தது. பால் கேன், அரிசி மூட்டை, பின்னால் ஓர் ஆள். இவற்றைத் தாங்கக் கனத்த நூல், தடித்த ரப்பர், இரும்புக் கம்பி வைத்த ஓரம். எளிய மலைச் சைக்கிளோடு வரும் டயரும் அந்த வார்ப்பிலேயே வருகிறது. டிபிஐ பெரும்பாலும் 30க்கு அருகில். முள்ளும் வெட்டும் தாங்கும், விலை சில நூறு ரூபாய், எந்தப் பஞ்சர் கடையிலும் கழற்றி மாட்டுவார்கள். இந்தக் கட்சியை ஏளனமாகத் தள்ளிவிடுவது தவறு. அதன் குறை உருட்டலில் இருக்கிறது.

அந்தக் குறை எவ்வளவு பெரிது? ஒரு கணக்குப் போடலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. நல்ல உறைக்கும் கனத்த உறைக்கும் உருளும் தடையின் கெழுவில் 0.003 வித்தியாசம் இருப்பதாகக் கொள்வோம். இது மிகைப்படுத்தல் அல்ல. மணிக்கு 18 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 12 வாட். நிதானமாக மிதிப்பவர் தருவதே 120, 130 வாட்தான் என்னும்போது அது பத்தில் ஒரு பங்கு. எடையை எடுத்துக்கொண்டால், இரண்டு டயரிலும் சேர்த்து 400 கிராம் கூடுதல் என்று வைத்து, 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஏறினால், அதற்காகத் தர வேண்டியது ஒரு வாட்டுக்கும் குறைவு. அதே ஏற்றத்தில்கூட உருட்டல் வித்தியாசம் ஐந்து வாட்டைத் தின்கிறது. சுழலும் எடை இரட்டிப்பாகக் கணக்காகும் என்ற பழமொழி முடுக்கும்போது மட்டுமே உண்மை. சீரான வேகத்தில் ஏறும்போது அதற்கு இடமில்லை. கிராமைப் பார்த்து டயர் வாங்குகிறவர்கள் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள்.

இளகிய உறையின் மறுபக்கம் பக்கவாட்டு வெட்டு. அடிவாரத்துப் பாறை விளிம்பு மெல்லிய உறையைக் கிழித்தால் அதை ஒட்டிச் சரிசெய்வது கடினம். இதனால்தான் பக்கவாட்டில் மட்டும் நெருக்கமான காப்புத்துணி வைத்த 60 டிபிஐ டயர்கள் ஒரு நடுவழியாக வந்தன. கொஞ்சம் கனம், கொஞ்சம் மந்தம். இந்தத் தடங்களுக்கு அந்த விலை கொடுக்கத் தக்கது.

ட்யூபும் முள்ளும்

1999இல் பிரான்சின் மாவிக் நிறுவனம் யுஎஸ்டி என்ற ட்யூப்லெஸ் முறையை மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. காற்று கசியாத கனத்த டயரும் தனி ரிம்மும் அதற்குத் தேவைப்பட்டன. பிறகு வந்த சீலன்ட் திரவம் ஆட்டத்தை மாற்றியது: ரப்பர்ப்பால் கலந்த அந்தத் திரவம் ஓட்டை விழுந்த இடத்தில் பீய்ச்சி, உறைந்து, அடைத்துக்கொள்கிறது. குறைந்த அழுத்தத்தில் ஓட முடிவது பந்தயக்காரருக்குப் பெரிய ஆதாயம். நமக்குப் பெரியது நெருஞ்சி. அது போடும் ஓட்டை ஊசி முனையளவு. சீலன்ட் அடைப்பதற்கென்றே செய்தது போன்ற ஓட்டை. நெருஞ்சி படர்ந்த ஏரிக்கரையைத் தாண்டிய ட்யூப்லெஸ் டயரில் இருபது முள் பதிந்திருந்தும் காற்று நிற்கும். அவற்றை அங்கேயே பிடுங்காமல் வீடு வந்து சேர்வது நல்லது.

எதிர்வாதங்களும் கனமானவை. எளிய சைக்கிளின் ரிம்மும் டயரும் ட்யூப்லெஸுக்குச் செய்யப்பட்டவை அல்ல. டேப் சுற்றிச் சீலன்ட் ஊற்றிப் பார்ப்பவர்கள் உண்டு, ஆனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுச் சற்றே விலகிக் காற்றைக் கக்கும். சீலன்ட் காயும். இரண்டு முதல் ஆறு மாதம் தாங்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் நம் கோடைக்குக் கீழ்வரம்பைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலிகாத்தான் முள் உள்ளே போய் முறிந்தால் சீலன்ட் மட்டும் போதாது, அடைப்பு நூல் செருக வேண்டியிருக்கும். பைக்குகளுக்கு ட்யூப்லெஸ் வந்தபின் அந்த வேலை எல்லாப் பஞ்சர் கடைகளுக்கும் பழக்கம் என்பது ஆறுதல். சைக்கிளுக்குச் சன்னமான நூல் தேவை, அதை நாமே வைத்திருக்க வேண்டும்.

ட்யூபோடு இருப்பவர்கள் கனத்த ட்யூப், டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே முள்தாங்கும் பட்டை, அல்லது ட்யூபுக்குள்ளேயே சீலன்ட் என மூன்று வழி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது வழி மலிவு. ரப்பர்ப்பால் கலந்த திரவத்தை வால்வின் உள்மூடியைக் கழற்றி ஊற்ற முடிந்தால் நெருஞ்சிக்கு அது கணிசமாக உதவும். எந்த வழியில் போனாலும், ட்யூப்லெஸ் டயருக்குள் அவசரத்துக்கு ட்யூப் போட நேர்ந்தால் முதலில் டயரின் உட்புறத்தை விரலால் சுற்றி முழுவதும் தடவிப் பார்க்க வேண்டும். அதுவரை சீலன்ட் அடைத்து வைத்திருந்த அத்தனை முள்ளும் புது ட்யூபுக்காகக் காத்திருக்கும்.

எது தெளிவு, எது திறந்தது

சில விஷயங்களில் இன்று பெரிய தகராறு இல்லை. 40 பிஎஸ்ஐயைத் தாண்டிக் காற்றடிப்பது பெரும்பாலோருக்கு நட்டம். முன்னால் பிடிமானம், பின்னால் உருட்டல். பட்டனைவிட உறையும், உறையைவிட அழுத்தமும் முதலில் கவனிக்கத் தக்கவை. ஆரணியிலிருந்து தாரில் போய் அடிவாரத்தில் ஓட்டித் திரும்புபவருக்கு, ரிம் இடங்கொடுத்தால், 2.2 அங்குலத்தை ஒட்டிய, நடுவில் தாழ்ந்த பட்டனுள்ள, பக்கவாட்டுக் காப்புள்ள 60 டிபிஐ டயரும் ட்யூப்லெஸும் நியாயமான தேர்வாகத் தெரிகின்றன. ரிம் இடங்கொடுக்காவிட்டால் இப்போதுள்ள டயரிலேயே காற்றைச் சரிசெய்து, ட்யூபில் சீலன்ட் ஊற்றி, அந்த டயர் தேயும்வரை ஓட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

திறந்து கிடப்பவை வேறு. 50, 55 கிலோ எடையுள்ள ஓட்டுநர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் பதின்வயதினருக்கும், 2.4 அங்குலத்தின் ஆதாயம் உண்மையில் உண்டா? அழுத்த அட்டவணைகள் பெரும்பாலும் 75 கிலோ ஐரோப்பியரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மென்ரப்பர் 45 டிகிரித் தாரில் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்? சீலன்ட் சித்திரை வெயிலில் எத்தனை வாரம் திரவமாக இருக்கும்? உள்நாட்டு உற்பத்தியாளர் ஒருவர் கனத்த உறையை விட்டு, சரளைக்கும் நெருஞ்சிக்கும் என்றே நடுத்தர விலையில் ஒரு டயர் செய்தால் அது எப்படி இருக்க வேண்டும்?

இவற்றுக்கு எஃகு உருளை விடை தராது. வழவழப்பான உருளையில் குலுக்கலும் இல்லை, சரளையும் இல்லை. தேவைப்படுவது கடினமான சோதனையும் அல்ல. செண்பகத்தோப்புப் பக்கம் ஒரே சாய்வுள்ள சரளை இறக்கம் ஒன்றைத் தேர்ந்து, ஒரே ஆள், ஒரே சைக்கிள், காற்றில்லாத விடியற்காலை, மிதிக்காமல் உருளவிட்டு நேரம் எடுக்க வேண்டும். டயரை மாற்றி, அழுத்தத்தை இரண்டிரண்டு பிஎஸ்ஐயாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் பல தடவை திருப்பிச் செய்ய வேண்டும். வேலூரிலோ திருவண்ணாமலையிலோ உள்ள ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் குழு ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை அது.